தம்பியின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் எல்லாமே ‘ஆர்’

உங்கள் தம்பி டெல்லி மயூர் விஹாரில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்ப்பவர், கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் மார்பு, இரண்டு கை, தொடை என உடம்பில் 40 சதவீதம் வெந்துவிட்டது, அரசு மருத்துவமனையின் பர்ன்ஸ் வார்டில் இன்று 14-ஆவது நாள் என்று எழுதியிருந்தீர்கள். முந்தாநாள் வந்த கல்ச்சர் ரிப்போர்ட்டில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனை முடிவில், ‘அசினெட்டோபாக்டர் பௌமானி’ என்று ஒரு கிருமியின் பெயர். அதற்குக் கீழே வரிசையாக மருந்துகள், எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆர்’, அதாவது ‘ரெசிஸ்டன்ட்’, அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மட்டும் ‘ஐ’, அதாவது ‘இன்டர்மீடியட்’, நடுத்தரம். தீயில் வெந்த இடத்துக்குக் கிருமி எப்படி வந்தது, வார்டில் முதல் நாளே பெரிய ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால் இது வந்திருக்காதா, தனியார் மருத்துவமனைக்கோ சென்னைக்கோ கொண்டுபோகலாமா, அம்மாவை ஏன் உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நுண்ணுயிரியல் படித்த மருத்துவர். டெல்லி அரசு மருத்துவமனை லேப்களில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பல ஆண்டுகள் தீக்காய வார்டு மாதிரிகளோடுதான் கழிந்தன. உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்ல மாட்டேன், அதைச் சொல்ல வேண்டியவர் வார்டு டாக்டர். அந்தத் தாளை எப்படிப் படிப்பது, அடுத்து யாரிடம் எதைக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில், அந்தத் தாளைப் பார்த்து நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள். அது எந்த மாதிரியிலிருந்து வந்தது என்று மேலே சின்ன எழுத்தில் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். புண்ணின் மேல் பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்ததா, ஒரு துளி சதை வெட்டி எடுத்ததா, ரத்தமா? இரண்டு வாரமாகத் திறந்து கிடக்கும் தீக்காயத்தில் பஞ்சுக்குச்சியைத் தடவினால் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும். புண்ணின் மேல் கிருமி குடியிருப்பது வேறு, அது உயிருள்ள சதைக்குள் இறங்கி ரத்தத்தில் கலப்பது வேறு. முதலாவதற்குக் கழுவுதல், கட்டு மாற்றுதல், மேலே பூசும் மருந்து போதும். இரண்டாவதற்குத்தான் நரம்பில் ஏற்றும் ஆன்டிபயாட்டிக். இரண்டில் எது நடக்கிறது என்பதை நோயாளியின் உடம்புதான் காட்டும். பெரிய தீக்காயம் பட்டவர்களுக்குத் தொற்று இல்லாமலேயே உடம்பு 38 டிகிரியைத் தாண்டிக் காயும், ஆகவே காய்ச்சலை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது, நேற்று வரை சாப்பிட்டவருக்கு இன்று வயிறு உப்பி எதுவும் இறங்காமல் போவது, ஆறிக்கொண்டிருந்த இடம் திடீரென்று கறுப்பது, ஒட்டிய தோல் கரைவது, இவைதான் கவலைப்பட வேண்டிய அடையாளங்கள். நாளைக்கு ரவுண்ட்ஸில், “இது புண்ணின் மேல் இருக்கிற கிருமியா, உள்ளே இறங்கிவிட்டதா, ரத்த கல்ச்சர் எடுத்தீர்களா?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் டாக்டர்கள் நின்று பதில் சொல்வார்கள்.

சரி, தீ கிருமியைக் கொல்லும்தானே என்ற கேள்வி. கொல்லும். எரிந்த தோலின் மேல்பரப்பு முதல் சில மணி நேரம் ஏறக்குறையக் கிருமி இல்லாமல்தான் இருக்கும். ஆனால் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் ஆழத்தில் இருந்தவை பிழைத்துக்கொள்கின்றன; இரண்டு நாளில் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை மேலே வந்துவிடும். ஒரு வாரம் ஆவதற்குள் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தும், கட்டில், தட்டு, குழாய், கை என்று சுற்றியுள்ள எல்லாவற்றிலிருந்தும் வேறு கூட்டம் வந்து சேரும்: கிளெப்சியல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர். சூடோமோனாஸ் வந்தால் கட்டுத்துணி பச்சையாகும், பழுத்த திராட்சை போல ஒரு இனிப்பு வாசம் வரும். தீக்காய வார்டில் வேலை பார்த்த எந்த சிஸ்டரும் கட்டைப் பிரிக்கும் முன்பே மூக்கால் சொல்லிவிடுவார்.

அப்புறம் வெந்த தோல் வெறும் செத்த புரதம். அதில் ரத்த ஓட்டம் கிடையாது. நரம்பில் ஏற்றும் எந்த மருந்தும் ரத்தம் போகும் இடத்துக்குத்தான் போகும். அந்தக் கருகிய தோலில் கிருமிக்கு ஈரம், சூடு, உணவு எல்லாம் இருக்கிறது, மருந்து மட்டும் எட்டாது. பெரிய தீக்காயம் நோயாளியின் எதிர்ப்புச் சக்தியையும் வாரக்கணக்கில் கீழே தள்ளிவிடுகிறது. மருத்துவமனையின் மற்ற எந்த வார்டைவிடவும் இங்கே எதிர்ப்புக் கிருமிகள் வேரூன்றுவதற்கு இதுதான் காரணம்.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வருகிறது. வார்டில் முதல் நாளே பெரிய ஊசி போடாமல் இருந்தது அலட்சியம் அல்ல, சரியான வைத்தியம். தொற்று இல்லாத தீக்காயத்துக்கு முன்னெச்சரிக்கையாக ஊசி ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை வழிகாட்டு நெறிகள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. கருகிய தோலுக்குள் அது போய்ச் சேராது. குடலிலும் தோலிலும் இருக்கும் சாதுவான கிருமிகளைத்தான் கொன்று தீர்க்கும். காலியான இடத்தில் மெரோபெனம் போன்ற பலமான ஆன்டிபயாட்டிக்குக்கே அசையாத ஒன்று வந்து உட்காரும். வார்டுக்கு வருமுன் மூன்று நாள் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வைத்து இரண்டு பெரிய ஊசி போட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிருமி அதனால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊசி அவரைக் காப்பாற்றவில்லை என்பது உறுதி.

இனி அந்த ‘ஆர்’ வரிசை. லேபில் ஒரு கண்ணாடித் தட்டில் கிருமியைப் புல்வெளி போல வளர்த்து, அதன் மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏதாவது இரண்டு மூன்று வளையமாவது இருக்கும். பிறகு ஒரு வளையமும் இல்லாத தட்டுகள் வரத் தொடங்கின. வட்டின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கும். முதல் முறை பார்த்தபோது வட்டுகள் காலாவதியாகிவிட்டனவோ என்று புதிய டப்பாவைத் திறந்து மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே தட்டுதான் வந்தது. அந்த மாதிரி எடுக்கப்பட்டது ஒரு 19 வயதுப் பெண்ணிடமிருந்து. அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்பதில் டெல்லிக்கும் சென்னைக்கும் பங்கு உண்டு. டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-இல் ஒரு கிளெப்சியல்லா கிடைத்தது. மெரோபெனம் சேர்ந்த கார்பபெனம் வகை மருந்துகளையே அறுத்துப்போடும் ஒரு நொதி அதில் இருந்தது. அதற்கு ‘நியூ டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ்’, சுருக்கமாக என்டிஎம்-1, என்று பெயர் வைத்தார்கள். 2010-இல் இது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 நோயாளி மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. ஊர்ப் பெயரை வைத்ததற்கு இங்கே பெரிய கோபம் கிளம்பியது. அந்தக் கோபத்தில் பாதியையாவது கழிவுநீர் மேல் காட்டியிருக்கலாம் என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அடுத்த ஆண்டே டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-லும், குழாய்க் குடிநீர் மாதிரிகள் 50-இல் 2-லும் அதே மரபணு இருப்பதாக ஒரு ஆய்வு வந்தது. இந்த மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் எனும் சின்ன வளையத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கிருமி அதை இன்னொரு இனக் கிருமிக்கும் கைமாற்றிக் கொடுக்க முடியும். அசினெட்டோபாக்டரோ செத்த கிருமிகளின் மரபணுத் துண்டுகளைக்கூடச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துத் தனதாக்கிக்கொள்ளும். இந்திய மருத்துவமனைகளில் அதனிடம் அதிகம் காணப்படுவது ஆக்ஸா-23 என்ற வேறொரு நொதி. என்டிஎம்மும் சேர்ந்து இருப்பதுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அபாயப் பட்டியலிலும் 2024-இல் புதுப்பித்த பட்டியலிலும் கார்பபெனத்துக்கு அடங்காத அசினெட்டோபாக்டர் முதல் வரிசையிலேயே இருக்கிறது.

கோலிஸ்டினுக்கு எதிரே ‘ஐ’ என்று பார்த்துப் பயந்துவிட்டீர்கள். இந்தக் கிருமிக்குக் கோலிஸ்டினில் இப்போது ‘எஸ்’, அதாவது மருந்துக்கு அடங்கும், என்றே போடுவதில்லை. 2020 முதல் அமெரிக்க லேப் தர அமைப்பு அந்த வகையையே எடுத்துவிட்டது, நம் லேப்கள் பலவும் அதையே பின்பற்றுகின்றன. ‘ஐ’ அல்லது ‘ஆர்’, இரண்டுதான். ஆகவே உங்கள் தம்பிக்கு வந்திருப்பது கிடைக்கக்கூடியதில் நல்ல பதில்தான். ஆனால் கோலிஸ்டின் 1950-களின் மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 70-களில் ஓரம் கட்டினார்கள். வேறு வழியில்லாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள். மனிதருக்குக் கடைசி மருந்தாகிவிட்ட இதைக் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துகொண்டிருந்தோம். 2019 ஜூலையில்தான் இந்திய அரசு அதைத் தடை செய்தது. தீக்காயக்காரர்களிடம் இன்னொரு சிக்கல், அவர்கள் உடம்பு பல ஆன்டிபயாட்டிக்குகளைச் சாதாரண ஆளைவிட வேகமாக வெளியேற்றிவிடும். அளவு குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் சிறுநீரகம் போகும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையை அடிக்கடி பார்க்கிறார்களா, தினமும் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று எழுதுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளியே யாரோ சொன்னார்கள் என்று செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஊசிக்கு அலைந்துகொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். தயவு செய்து நிறுத்துங்கள். அது சில கிருமிகளுக்கு அருமையான மருந்து, அசினெட்டோபாக்டருக்கு அதனால் பெரும்பாலும் பயன் இல்லை. இந்தக் கிருமிக்கென்றே சல்பாக்டம்-டர்லோபாக்டம் என்ற கூட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதி கொடுத்தார்கள். நொதி என்டிஎம் வகையாக இருந்தால் அதுவும் கைகொடுக்காது. கிருமியைத் தின்னும் வைரஸ் வைத்தியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தீக்காயங்களில் அதை முறைப்படி சோதித்தபோது, தயாரித்த மருந்தின் வீரியம் வைத்திருந்ததிலேயே குறைந்துபோய் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. வருங்காலத்தில் வரலாம். உங்கள் தம்பிக்கு இந்த வாரம் அது வழி இல்லை.

அப்படியானால் எது வழி? கூரை பிரிந்த வீட்டுக்குள் மழை ஒழுகும்போது எத்தனை பாத்திரம் வைத்துப் பிடிப்பது? கூரையைப் போட வேண்டும். தோல்தான் அந்தக் கூரை. ஆழமாக வெந்த இடத்தில் செத்த தோலைச் சீக்கிரமாகச் சீவி எடுத்துவிட்டு, அவருடைய வேறு இடத்துத் தோலை மெல்லியதாக எடுத்து ஒட்டிவிட்டால், கிருமிக்கு உணவும் இருக்காது, கதவும் இருக்காது. இந்த முறையைக் கொண்டுவந்தவர் ஜோரா யான்செகோவிச் என்ற பெண் மருத்துவர், இன்றைய ஸ்லோவேனியாவில் மரிபோர் நகர மருத்துவமனையில் இருந்தவர். அதுவரை கருகிய தோல் தானாகக் கழன்று விழட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், அந்தக் காத்திருப்பில்தான் நோயாளிகள் செத்தார்கள். 1970-இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே மாறியது. தீக்காயத்தில் எந்த ஆன்டிபயாட்டிக்கும் காப்பாற்றாத அளவு உயிர்களை அந்தக் கத்தி காப்பாற்றியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் ஊரில் பிரச்சினை, அறுவை அரங்குக்கு வரிசை, ரத்தத்துக்கு வரிசை. நீங்கள் ஓட வேண்டியது அங்கேதான். “எப்போது எக்ஸிஷன், எப்போது கிராஃப்ட், எத்தனை யூனிட் ரத்தம் வேண்டும்?” என்று கேளுங்கள். எக்ஸிஷன் என்றால் செத்த தோலைச் சீவி எடுப்பது, கிராஃப்ட் என்றால் தோல் ஒட்டுவது. மெஸ்ஸில் கூட வேலை பார்க்கும் பிள்ளைகள், தெரிந்த தமிழ்ச் சங்கத்து ஆட்கள், யாரால் முடியுமோ அவர்களை ரத்தம் கொடுக்க அழைத்து வாருங்கள். ஊசிக்குச் செலவழிக்க நினைத்த அலைச்சல் இதில் பலன் தரும்.

40 சதவீதம் வெந்தவருக்கு ஒரே நாளில் ஒட்ட அவருடைய சொந்தத் தோல் போதாமல் போகலாம். அப்போது இறந்தவர்கள் தானம் செய்த தோலைத் தற்காலிகமாகப் போர்த்துவார்கள். இரண்டு மூன்று வாரம் ஒட்டி நிற்கும், அதற்குள் அடியில் புண் சுத்தமாகும். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் 2023-இல் தோல் வங்கி தொடங்கினார்கள். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மெல்லிய படலமாக எடுக்கிறார்கள். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை, கிளிசரினில் வைத்தால் ஐந்து ஆண்டு வரை இருக்கும். கண் தானம் தெரிந்த அளவுக்கு நம் ஜனங்களுக்குத் தோல் தானம் தெரியவில்லை, உடம்பைச் சிதைப்பார்கள் என்ற பயம். ரத்தம் வழியாது, முகத்தையும் கையையும் தொட மாட்டார்கள். உங்கள் டாக்டரிடம் தானத் தோல் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வாழையிலையைப் பற்றி உங்கள் அம்மா கேட்கச் சொன்னாராம். அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும், கட்டுப் பிரிக்கும்போது வலிக்காது என்று இந்தியாவிலேயே சில தீக்காயப் பிரிவுகளில் வாழையிலையை நீராவியில் கிருமி நீக்கிக் கட்டுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் சந்தையில் வாங்கிய இலையை அப்படியே கொண்டுவந்து படுக்கையில் விரிக்கக் கூடாது. இலையிலும் மண்ணிலும் சூடோமோனாஸ் இருக்கும். அதனால்தான் பூ, பச்சைக் காய்கறி, பழத்தோல் எதையும் உள்ளே விடுவதில்லை.

மருத்துவமனைதான் இந்தக் கிருமியைக் கொடுத்ததா என்ற கேள்வியைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: பெரும்பாலும் ஆமாம். வெளியே நல்ல உடம்போடு நடமாடுகிறவரிடம் இது அபூர்வம், வார்டுதான் அதன் வீடு. காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் மூன்று வாரத்தில் நான்கு நோயாளிகளிடம் அச்சு அசலாக ஒரே மாதிரி அசினெட்டோபாக்டர் வளர்ந்தது. குழாய், டிரெஸ்ஸிங் வண்டி, ரத்த அழுத்தக் கருவியின் பட்டை, கதவுக் கைப்பிடி என்று எல்லா இடத்திலும் பஞ்சுக்குச்சி தடவினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் வயதான ஒரு வார்டு ஆயா, “மேடம், இந்த மெத்தையைப் பாருங்கள்” என்று உறையின் அடியில் விரல் நீளக் கிழிசலைக் காட்டினார். உள்ளே இருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்து வளர்த்தால், அதேதான். மேலே எவ்வளவு துடைத்தாலும் நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கட்டிலில் படுத்தவர்கள். புதிய மெத்தைக்கு நாங்கள் எழுதிக் கேட்டிருந்த கடிதம் மூன்று மாதமாகக் கோப்பில் கிடந்தது. நால்வரில் இருவர் வீட்டுக்குப் போகவில்லை. மெரோபெனத்தைவிட விலை குறைவான ஒரு பொருள் அவர்களுக்குக் கிடைக்காமல் போனது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதனால் தயக்கம் இல்லாமல் கேளுங்கள், மரியாதையாகவே கேட்கலாம்: கட்டில் பக்கத்தில் கை தேய்க்கும் ஆல்கஹால் புட்டி இருக்கிறதா, மெத்தை உறை கிழியாமல் இருக்கிறதா, இவருக்கென்று தனி ஸ்டெதஸ்கோப்பும் பட்டையும் இருக்கிறதா. ஒரு சிஸ்டர் இருபது பேரைப் பார்க்கும் வார்டில் அவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். கோடையில் குழாயில் தண்ணீர் நின்றுபோகும் நாளிலும் ஆல்கஹாலால் கை தேய்க்கலாம். புட்டி தீர்ந்திருந்தால் தீர்ந்ததைச் சொல்லுங்கள்.

தனியார் மருத்துவமனை? அங்கேயும் ஐசியூக்களில் இதே கிருமிகள் உண்டு. தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவும், வாரம் பலமுறை தோல் ஒட்டும் அறுவை செய்யும் குழுவும் இல்லாத இடம் என்றால், குளிர்சாதன அறை இருந்து பயன் இல்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு நல்ல அனுபவம் உள்ள இடம்தான், ஊர்ப்பக்கம் சொந்தங்களும் இருப்பார்கள், புரிகிறது. ஆனால் ஒரு நாளுக்கும் மேல் ரயிலில், திறந்த புண்ணோடு, இந்த நிலையில் வேண்டாம். புண்ணில் பெரும்பகுதி மூடிய பிறகு யோசிக்கலாம். எங்கே மாற்றினாலும் இந்த ரிப்போர்ட்டின் நகலை முதலிலேயே காட்டுங்கள், மறைத்தால் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு ஆபத்து.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவரைத் தடுப்பது அவரால் மகனுக்கு வரும் ஆபத்தை மட்டும் நினைத்து அல்ல. மகனைத் தொட்ட கையோடு அவர் அடுத்த கட்டில் பிள்ளையின் தலையைக் கோதிவிடுவார், நம் அம்மாக்களால் சும்மா இருக்க முடியாது. அவருக்கே இந்தக் கிருமியால் நோய் வருமோ என்று பயப்பட வேண்டாம், ஆரோக்கியமாக இருப்பவர்களை இது பொதுவாக ஒன்றும் செய்யாது. ஆனால் அம்மா அங்கே தேவை, சாப்பாட்டுக்காக. பெரிய தீக்காயம் உடம்பின் தசையையே தின்னும். கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் புரதம் தேவை. உங்கள் தம்பி 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். அம்மா கொண்டுவரும் கஞ்சியும் ரசம் சாதமும் ஆசையாக இருக்கும், புண் ஆறாது. முட்டை, பருப்பு, பனீர், நன்றாக வெந்த மீன், பால் பவுடர் கலந்த பால் என்று டயட்டீஷியனிடம் கேட்டு, வீட்டில் சுடச்சுடச் சமைத்து, மூடிய பாத்திரத்தில் கொண்டுவரட்டும். வார்டு சிஸ்டர் இன்சார்ஜைத் தனியாகப் பார்த்து, “ஒரு ஆள், ஒரு வேளை, கவுன் போட்டு, நீங்கள் சொல்கிறபடி கை தேய்த்துவிட்டு ஊட்டிவிட்டுப் போகட்டும்” என்று கேளுங்கள். அவர்களுக்கும் ஊட்டிவிட ஆள் போதாது, பல வார்டுகளில் சம்மதிப்பார்கள்.

வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கண்ணாடி வளையலுக்கு அடியில் இருக்கும் ஈரத்தை ஆல்கஹால் எட்டுவதில்லை. போனை வெளியே உங்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகட்டும்.